வீட்டுக்குள்ளே ஒரு ஸ்பைடர் செடி: தண்ணீர் அறிந்து ஊற்றுவோம், கணக்கு அறிந்து கடன் கேட்போம்



இந்த இதழில் நாம் படிக்கப் போகும் பாடம் ஒரு தொட்டிச் செடியைப் பற்றியது. "நெல்லு, கரும்பு, மல்லாட்டைன்னு பேசாம இது என்ன அழகுச் செடி?" என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ரோட்டோரச் செடிக்கடைகளில் இன்று ஸ்பைடர் செடி சாதாரணமாகக் கிடைக்கிறது. "வீட்டுக் காற்றையே சுத்தம் பண்ணிடும்" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கி வந்தவர்களில் பலர், "நாலு வாரத்திலே நுனி எல்லாம் கருகிப் போச்சு" என்கிறார்கள். இன்னும் சிலர், "இதை வளர்த்து விற்கலாமே, குழுவிலே கடன் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் இங்கே பதில் சொல்ல முயல்கிறோம்.

குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். முடிவில் உள்ள கேள்விகளைக் கூடிப் பேசுங்கள்.

செடியை அறிவோம்

ஸ்பைடர் செடி என்றால் சிலந்திச் செடி. நீளமான புல் போன்ற இலைகள் வளைந்து தொங்கும். நடுவிலிருந்து மெல்லிய தண்டு நீண்டு வந்து, அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூக்கும். பிறகு அதே தண்டில் குட்டிச் செடிகள் முளைத்து அந்தரத்தில் ஆடும். நூலில் சிலந்தி தொங்குவது போல இருப்பதால்தான் அந்தப் பெயர்.

இதன் தாவரவியல் பெயர் குளோரோஃபைட்டம் கோமோசம். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மூன்று வகை அதிகம் கிடைக்கும். இலையின் நடுவில் வெள்ளைக் கோடு உள்ளது ஒன்று, ஓரத்தில் வெள்ளைக் கோடு உள்ளது ஒன்று, முழுப் பச்சை ஒன்று. வளர்க்கும் முறை மூன்றுக்கும் ஒன்றுதான்.

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தடித்த வேர் இருக்கும். தண்ணீரைச் சேமித்து வைக்கிற வேர் அது. இரண்டு நாள் நாம் ஊருக்குப் போய்விட்டாலும் செடி அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். நம் குழுச் சேமிப்பு போலத்தான்! ஆனால் எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் அதே வேர் அழுகிவிடும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்தச் செடி நஞ்சில்லாதது. குழந்தை ஒரு இலையைக் கடித்தாலும், நாய் பூனை மென்றாலும் பயப்பட வேண்டியதில்லை. மணி பிளான்ட் அப்படி இல்லை, அதை மென்றால் வாய் எரிந்து வீங்கும். குழந்தைகள் தவழும் வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் ஸ்பைடர் செடி ஏற்றது.

ஒரு எச்சரிக்கை. வெள்ளை முஸ்லி என்ற மூலிகை இதே குடும்பத்துச் செடி. அதற்காக ஸ்பைடர் செடியின் வேரை மருந்து என்று யாரும் அரைத்துக் குடிக்கக் கூடாது. அது வேறு, இது வேறு.

எங்கே வைப்பது?

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. கிழக்கு பார்த்த ஜன்னல் ஓரம், திண்ணை, தாழ்வாரம், வேப்ப மர நிழல் எல்லாம் சரி. காலை வெயில் சிறிது நேரம் பட்டால் தவறில்லை. மதிய வெயில் பட்டால் இலை வெளுத்துக் காய்ந்துவிடும். சித்திரை வைகாசியில், அதிலும் அக்னி நட்சத்திர நாட்களில், இன்னும் உள்ளே தள்ளி வையுங்கள்.

தகரக் கூரை, சிமெண்ட் ஷீட் வீடுகளில் செடியைக் கூரைக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். பகலில் அங்கே அடிக்கிற அனல் தரையில் இருப்பதைவிட மிக அதிகம். இடுப்பு உயரத்தில் வைத்தால் போதும்.

இருட்டு மூலையில் வைத்தால் செடி உடனே சாகாது. ஆனால் இலை மெலிந்து, கோடு மங்கி, குட்டி விடாமல் நின்றுவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் அடைமழைக்குத் தொட்டிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதை நம் மாவட்டம் மறக்காது. அப்படிப்பட்ட மழையில் எந்தத் தொட்டியும் வடியாது.

தொட்டியும் மண்ணும்

தொட்டி விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. உடைந்த பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின், பெயிண்ட் வாளி எதுவும் ஆகும். அடியில் மூன்று நான்கு ஓட்டை கட்டாயம் வேண்டும். பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகே பயன்படுத்துங்கள். மண் தொட்டி கிடைத்தால் நல்லது. அது ஈரத்தைச் சுற்றிலும் வெளியே விடும், வேர் அழுகுவது குறையும்.

மண் கலவை:

1. செம்மண் ஒரு பங்கு
2. மணல் ஒரு பங்கு
3. நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு

வெறும் களிமண்ணில் நட்டால் தண்ணீர் வடியாது. தென்னை நார்க்கழிவு சேர்க்க விரும்பினால் முதலில் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். நம் பக்கம் மல்லாட்டைத் தோல் நிறையக் கிடைக்கிறது. அதை மக்க வைத்து, தொழு உரத்தில் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். மக்காத தோலைப் போட்டால் கரையான் வரும்.

கடல் மணல் வேண்டவே வேண்டாம். மரக்காணம் பக்கத்துச் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேர் தொட்டியை நிரப்பி, ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தால் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அதுவரை மாற்ற வேண்டாம். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் குட்டி விடும்.

தண்ணீர்: விரலைக் கேளுங்கள்

"தினமும் ஒரு சொம்பு" என்று கணக்கு வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடியிலிருந்து வடியும்வரை நிதானமாக ஊற்றுங்கள். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையே போதுமானதாக இருக்கும்.

இலை மஞ்சளாகி, செடியின் அடிப்பகுதி கொழகொழவென்று ஆனால் வேர் அழுகுகிறது என்று பொருள். வாடியிருக்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும். வெளியே எடுத்து, கறுத்த வேரை வெட்டி எறிந்து, வெள்ளை வேரை மட்டும் வைத்துப் புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் குறைவாகத் தண்ணீர் விடுங்கள்.

நுனி ஏன் கருகுகிறது?

நம் உறுப்பினர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. "தண்ணி பத்தலை போல" என்று நினைத்துப் பலர் இன்னும் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் தண்ணீர் பத்தாதது காரணமில்லை, தண்ணீரில் உள்ளதுதான் காரணம்.

போர் தண்ணீரில் உப்பு கரைந்திருக்கும். சில இடங்களில் ஃபுளோரைடும் இருக்கும். செடி தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. உப்பும் ஃபுளோரைடும் ஆவியாகாது. அவை இலையின் கடைசி நுனியில் போய்ச் சேரும். நாள்பட நாள்பட நுனி கருகும். ஸ்பைடர் செடிக்கு ஃபுளோரைடு கொஞ்சமும் ஆகாது. கடும் வெப்பம், அதிக உரம் இவற்றாலும் நுனி காயலாம்.

என்ன செய்யலாம்?

1. மழைநீர்தான் இந்தச் செடிக்கு அமுதம். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைத் தண்ணீரில் நாலு குடம் மூடி வைத்தால் ஒரு தொட்டிக்குப் பல வாரம் வரும்.
2. மாதம் ஒருமுறை மழைநீரையோ உப்புக் குறைந்த தண்ணீரையோ நிறைய ஊற்றி அடிவழியே வடிய விடுங்கள். மண்ணில் தங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும்.
3. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.
4. காய்ச்சி ஆற வைத்தால் உப்பு போகாது. ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும், உப்பும் ஃபுளோரைடும் போகாது.
5. சூப்பர் பாஸ்பேட் உரம் போடாதீர்கள். அதிலும் ஃபுளோரைடு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பிடி மண்புழு உரம் போதும். உரம் அதிகமானால் இலைதான் கொழுக்கும், குட்டி குறையும்.
6. கருகிய நுனியைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிடலாம். கருகியது மீண்டும் பச்சையாகாது. புதிதாக வரும் இலை நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தோழியரே, இதே தண்ணீரைத்தானே நாமும் நம் பிள்ளைகளும் குடிக்கிறோம்? செடி கருகுவதை வைத்து மட்டும் குடிநீர் கெட்டது என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் கேள்வி கேட்க அது ஒரு நல்ல காரணம். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதற்கு மேல் பல ஆண்டு குடித்தால் பல்லில் கறை படியும், எலும்பும் மூட்டும் பாதிக்கும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது? கேளுங்கள். இல்லையென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கச் சொல்லி, கிராம சபையில் கோரிக்கை வையுங்கள்.

குட்டி எடுப்பது எப்படி?

பகல் பொழுது 12 மணி நேரத்துக்குக் குறையும் காலத்தில் இந்தச் செடி தண்டும் குட்டியும் விடுவது கூடும். நம் ஊரில் ஐப்பசி முதல் மாசி வரை அந்தக் காலம். மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி: குட்டியைத் தாயிடமிருந்து வெட்டாமல், பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து அதன் மண்ணில் அமர்த்துங்கள். ஒரு கம்பியை வளைத்துக் குத்தினால் ஆடாமல் நிற்கும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிறகு தண்டை வெட்டுங்கள். வேர் பிடிக்கும்வரை தாய் ஊட்டுவதால் சேதம் குறைவு.

இரண்டாம் வழி: அடியில் வேர் மொட்டு தெரிகிற குட்டியை வெட்டி, டம்ளர் தண்ணீரில் அடிப்பாகம் மட்டும் நனையும்படி வையுங்கள். வேர் விரல் கணு அளவு வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள்.

மூன்றாம் வழி: பெருத்த செடியை வேரோடு எடுத்து இரண்டு மூன்றாகப் பிரித்து நடுவது.

பூச்சியும் கொசுவும்

வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி வந்தால் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலை நேரத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை என மூன்று வாரம் செய்யுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், வேர் விட வைத்த டம்ளரிலும் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே தட்டை அவ்வப்போது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டம்ளர் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழைநீர்க் குடத்தைத் துணி கட்டி மூடுங்கள்.

காற்றைச் சுத்தம் பண்ணுமா?

1980-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஒரு சோதனை செய்தது. காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, உள்ளே ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். வாயு குறைந்தது. ஸ்பைடர் செடியும் அந்தச் செடிகளில் ஒன்று. "காற்றுச் சுத்தச் செடி" என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

ஆனால் நம் வீடு மூடிய பெட்டி இல்லையே! 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பல ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று கண்டார்கள். பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தது 90 செடி! பாய் போட இடம் இருக்குமா?

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? நம்மில் பலர் இன்னும் விறகு அடுப்பில் சமைக்கிறோம். கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சமையற்கட்டில் ஒரு ஸ்பைடர் செடியைத் தொங்கவிட்டு, "புகையை இது பார்த்துக்கும்" என்று இருந்துவிட்டால் நஷ்டம் நம் நுரையீரலுக்கு. புகைக்கு மருந்து புகைபோக்கி, எதிரெதிர் ஜன்னல், காய்ந்த விறகு, முடிந்தவரை கேஸ் அடுப்பு. அடுப்பு எரியும் நேரம் கைக்குழந்தையைத் தள்ளி வைப்பதும் முக்கியம். செடி கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு இதம். அதற்காகவே வளர்க்கலாம்.

விற்கலாமா? கடன் வாங்கலாமா?

விற்கலாம். ஆனால் முதல் அடி கடன் இல்லை. குழுவில் ஒருவர் ஒரே ஒரு நல்ல செடி வாங்கட்டும். ஆண்டுக்குப் பத்துக் குட்டி வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டே ஆண்டில் இருபது உறுப்பினர் வீட்டுக்கும் செடி போய்ச் சேரும். செலவு ஒரு செடியின் விலை மட்டுமே. யாருக்குக் கைவருகிறது, யார் வீட்டுத் தண்ணீர் ஒத்துவருகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

பிறகு கணக்குப் போடுவோம். கீழே உள்ளவை கணக்குப் பழகுவதற்கான எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

50 செடிக்குத் தொட்டி, ஒன்று 10 ரூபாய் வீதம்: 500 ரூபாய்
மண், உரம், ஒன்றுக்கு 6 ரூபாய் வீதம்: 300 ரூபாய்
ஏற்றிப் போகும் செலவு: 150 ரூபாய்
மொத்தம்: 950 ரூபாய்

எட்டுச் செடி வீணாகிறது என்றால் விற்க மிஞ்சுவது 42. ஒரு செடியின் அடக்கம் ஏறத்தாழ 23 ரூபாய். "30 ரூபாய்க்கு வித்தா 7 ரூபாய் லாபம்" என்று தோன்றும். ஆனால் 60 நாள், தினம் அரை மணி நேரம் நாம் உழைத்திருக்கிறோம். 30 மணி நேரம். மணிக்கு 30 ரூபாய் என்றாலும் நம் கூலி 900 ரூபாய். அதையும் சேர்த்தால் மொத்தம் 1,850. ஒரு செடியின் அடக்கம் 44 ரூபாய். 30 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு செடிக்கும் 14 ரூபாய் நம் கைக்காசு போகிறது! நம் உழைப்பைக் கணக்கில் எழுதாத தொழில் லாபம் போலவே தெரியும்.

எங்கே விற்பது என்பதையும் முதலில் பாருங்கள். புதுச்சேரி, ஆரோவில் பக்கம் பெரிய பெரிய நர்சரிகள் இருக்கின்றன. அவர்களோடு விலையில் போட்டி போட முடியாது. பள்ளி விழாப் பரிசு, கல்யாணத் தாம்பூலம், கடை அலுவலகத் திறப்பு விழா இவற்றுக்குச் சின்னத் தொட்டியில் ஆர்டர் பிடிக்கலாம். மகளிர் திட்டக் கண்காட்சிகளில் வைக்கலாம். ஆர்டர் வந்த பிறகு தொட்டி வாங்குங்கள். நாற்றங்கால் பயிற்சி பற்றி திண்டிவனத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். ஒரு தடவையாவது 20 செடி விற்று, கணக்கைத் தீர்மான நோட்டில் எழுதிக் காட்டிய உறுப்பினருக்குக் கடன் கொடுப்பது குழுவுக்கும் பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு.

குழுவில் பேசுவோம்

1. செடி வாடினால் தண்ணீர் ஊற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
2. நம் ஊர்க் குடிநீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? முடிவு யாரிடம் இருக்கிறது?
3. நம் குழுவில் எத்தனை சமையற்கட்டில் புகை போக வழி இல்லை? ஒரு ஜன்னல் வைக்க உள்கடன் கொடுக்கலாமா?
4. நாம் இப்போது செய்யும் தொழிலில் நம் கூலியைக் கணக்கில் சேர்த்திருக்கிறோமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, செடி வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு குட்டி கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் ஓட்டை போட்ட டப்பா ஒன்று கொண்டு வாருங்கள். மாற்றிக்கொள்வோம், வளர்ப்போம்!